எண் ஏறினால் எலும்பு தேறுமா?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், செம்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை மெடிக்கல் ஷாப் வருகிறது என்று எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே கணக்குத் தவறிவிடும். அந்தக் கடைகளின் கண்ணாடி மேஜை மேல் முன்பெல்லாம் இருமல் மிட்டாயும் தலைவலித் தைலமும்தான் இருக்கும். இப்போது மூட்டுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, ஞாபக சக்திக்கு ஒன்று என்று டப்பாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பினால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு பட்டியல்: துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம், போரான், குரோமியம், மாலிப்டினம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மில்லிகிராமிலோ மைக்ரோகிராமிலோ ஓர் அளவு. அதற்கும் எதிரே ஒரு சதவீதம். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சட்டப்படி அந்த வரி இருந்தே ஆக வேண்டும். வாங்குகிறவர்கள் என்னவோ மருந்தாகத்தான் வாங்கிப் போகிறார்கள்.

அதே தெருவில் இன்னொரு காட்சி. ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வந்த பையன் சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற மீட்டரை எடுத்து, போர் தண்ணீர் பிடித்த டம்ளரில் நனைக்கிறான். திரையில் ஓர் எண் ஓடி நிற்கிறது. வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. வடிகட்டிய தண்ணீரில் நனைத்துக் காட்டுகிறான்; எண் சரிகிறது, முகம் தெளிகிறது. உடனே அடுத்த பேச்சு: “சார், இதுல மினரல் எல்லாம் போயிடும். காப்பர் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு போட்டுக்குங்க.” தண்ணீரில் இருந்ததை எடுக்க ஒரு காசு, எடுத்ததைத் திருப்பிப் போட இன்னொரு காசு.

அந்த மீட்டர் காட்டுவது கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும்தான். அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டப்பாவின் மேல் அச்சிட்ட சதவீதமும் ஏறக்குறைய அப்படித்தான். மாத்திரைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். சாப்பிடுகிறவருக்கு அது தேவையா, அவர் உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று சொல்லாது. நுண் கனிமங்களின் கதையில் எண்ணை நம்பி ஏமாந்த இடங்கள் நிறைய. அந்தக் கதையின் முக்கியமான சில அத்தியாயங்கள் நம் ஊரிலேயே எழுதப்பட்டவை.

உடம்பில் இவை இருக்கும் அளவே வியப்பு. வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் உள்ள துத்தநாகம் மொத்தம் சுமார் 2 கிராம். செம்பு 100 மில்லிகிராம் அளவில்தான். அயோடின் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஆனால் எலும்பின் புரத இழைகளைக் குறுக்கே பின்னிக் கட்டும் நொதி, செம்பு இல்லாமல் வேலை செய்யாது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி தைராய்டு சுரப்பை நம்பியிருக்கிறது. அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். இவ்வளவு சிறிய அளவில் வேலை நடப்பதால்தான் குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

கூடிப்போன கதை முதலில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கிண்டி. அங்குள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தின் இயக்குநராக 1930களில் இருந்தவர் ஹென்றி எட்வர்ட் ஷார்ட். மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வருமுன் கல்லீரலில் ஒளிந்திருக்கிறது என்று 1948இல் கண்டு சொன்ன இருவரில் ஒருவர் என்று மருத்துவ உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 1937இல், அவரும் மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோரும் சேர்ந்து சென்னை ராஜதானியின் ஃபுளோரைடு நோயைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அன்றைய நெல்லூர் மாவட்டத்துப் பொதிலி, தர்சி, கனிகிரிப் பக்கத்துக் கிராமங்கள். ஏர் மாடுகள் நடக்க முடியாமல் முடங்குவதைத்தான் விவசாயிகள் முதலில் கண்டார்கள் என்று சொல்வதுண்டு. பிறகு மனிதர்கள். முதுகு விறைத்து, கழுத்து திரும்பாமல், குனிந்து எதையும் எடுக்க முடியாமல் போனவர்கள். பர்னார்ட் எக்ஸ்ரே நிபுணர். சென்னைப் பொது மருத்துவமனையின் கதிரியக்க நிலையம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. படத்தில் அந்த எலும்புகள் மெலிந்தவையாகத் தெரியவில்லை. வழக்கத்தைவிடத் தடித்து, சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகத் தெரிந்தன. தசைநார்கள்கூட எலும்பாக இறுகியிருந்தன.

காரணம், கிணற்றுத் தண்ணீர். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு எலும்பின் படிகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது; எலும்பு செல்களை முடுக்கிப் புது எலும்பையும் கண்டபடி கட்ட வைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனையோ ஊர்க் கிணறுகள் இந்த வரம்பைத் தாண்டின. பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகளை அங்கே எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் பார்க்க முடிந்தது. அந்த மக்களுக்கு மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. வேறு தண்ணீர் தேவைப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013இல் காவிரித் தண்ணீர் குழாய்களில் ஓடத் தொடங்கியது.

இனிதான் வேடிக்கை. நெல்லூர் விவசாயியை முடக்கிய அதே பொருளை, மேற்கு நாட்டு மருத்துவர்கள் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தர்க்கம் எளிது: ஃபுளோரைடு எலும்பைத் தடிமனாக்குகிறது, வயதான பெண்களின் எலும்பு மெலிகிறது, ஆகவே கொடு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸ் குழு, மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து நான்காண்டு நடத்திய சோதனையின் முடிவு 1990இல் வந்தது. தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு சாப்பிட்டவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் கனவு காணும் எண் அது. ஆனால் முதுகெலும்பு முறிவுகள் சொல்லத்தக்க அளவுக்குக் குறையவில்லை. கை, கால், இடுப்பு போன்ற மற்ற எலும்பு முறிவுகளோ மருந்தில்லாத குழுவில் 24, மருந்து சாப்பிட்ட குழுவில் 72. அடர்த்தி கூடியது, உறுதி கூடவில்லை. பர்னார்டின் எக்ஸ்ரே 1937லேயே சொன்ன சேதிதான் இது.

ஒருமுறை சூடுபட்ட பிறகாவது எண்ணைச் சந்தேகித்திருக்க வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் வந்தது. கால்சியத்துக்கு அண்ணன் முறையான தனிமம். எலும்பில் அதன் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். 2004இல் வெளியான பெரிய சோதனை, முதுகெலும்பு முறிவை மூன்றாண்டில் 41 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. ஃபுளோரைடு போலல்லாமல் இதற்கு உண்மையிலேயே பலன் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரான்ஷியம் அணு கால்சியம் அணுவைவிடக் கனமானது, எக்ஸ்ரேயை அதிகம் தடுப்பது. ஆகவே டெக்ஸா ஸ்கேனில் ஏறும் அடர்த்தியில் கணிசமான பங்கு, எலும்பு வளர்ந்ததால் வந்தது அல்ல. கனமான அணு நுழைந்ததால் வந்தது. பின்னர் இதய நோய் அபாயம் தெரிந்து ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகச் சுருக்கியது. 2017இல் தயாரித்த கம்பெனியே விற்பனையை நிறுத்திக்கொண்டது.

கால்சியம் நுண் கனிமம் அல்ல, பெருங்கனிமம். என்றாலும் எல்லா எலும்பு டப்பாவிலும் முதல் வரி அதுதான் என்பதால் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த சோதனையில் (2006), கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட்டவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியது. இடுப்பு முறிவு நம்பும்படியாகக் குறையவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. இதை வைத்துக் கால்சியமே வீண் என்று சொல்லிவிட முடியாது. பாலும் கேழ்வரகும் கண்ணில் படாத வீட்டில் கணக்கு வேறு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது.

தென்னிந்திய மண்ணில் நடந்த இன்னொரு கதை அதிகம் பேசப்படாதது. டப்பா வாங்குகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது. 1970களில் நாகார்ஜுனசாகர் அணையைச் சுற்றிய ஊர்களில், வளரும் பையன்களின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்து, கணுக்கால்கள் விலகி நிற்கும் ஒரு நோய் பரவுவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டார்கள். கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973இல் இதை லான்செட் இதழில் எழுதினார்கள். கோவை மாவட்டத்தில் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியிலிருந்தும் இதே போன்ற சேதி வந்தது. ஃபுளோரைடு அங்கேயும் உண்டு. ஆனால் ஃபுளோரைடு மட்டும் என்றால் எலும்பு தடிக்க வேண்டும். இங்கே கால் எலும்பு மெலிந்து வளைந்தது. என்ன நடந்தது?

அணை நீர் கசிந்து நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. மண்ணின் காரத்தன்மை கூடியது. காரமான மண்ணில் பயிர்கள் மாலிப்டினத்தை அதிகம் உறிஞ்சும். அங்கே ஏழைகளின் அன்றாட உணவு சோளம். சோளத்தில் மாலிப்டினம் கூட, அது உடம்பிலிருந்த செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றியது என்பது ஆய்வாளர்கள் வைத்த விளக்கம். இதைச் சோதித்தவர்கள் தியோஸ்தலேயும் சி. கோபாலனும். கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். 2019இல் நூறு வயது கடந்து மறைந்தார். (ஹைதராபாத் நிறுவனமேகூட நம் ஊர்ச் சரக்குதான். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து அங்கே குடிபோனது.) நான்கு ஆண்களுக்குச் சோள உணவு கொடுத்துச் சிறுநீரை அளந்தார்கள். நாளொன்றுக்கு மாலிப்டினம் 160 மைக்ரோகிராமாக இருந்தபோது 24 மைக்ரோகிராம் செம்பு வெளியேறியது. மாலிப்டினத்தை 540 ஆக்கியபோது 42. 1,540 ஆக்கியபோது 77. பின்னாளில் அமெரிக்காவில் சுத்தமான மாலிப்டினத்தைக் கொடுத்துச் செய்த ஆய்வில் இந்த விளைவு தென்படவில்லை. ஆகவே வழக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது. நாலு பேரை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆனாலும் நம் சோளக்கொல்லையில் எழுந்த அந்தக் கேள்வி நிற்கிறது: ஒரு கனிமத்தைக் கூட்டினால் இன்னொன்று கழன்றுபோகுமா?

துத்தநாகமும் செம்பும் அந்தக் கேள்விக்குச் சந்தேகமற்ற பதில் தருகின்றன. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்களில் ஒரு புரதம் பெருகும். அந்தப் புரதத்துக்குச் செம்பின் மேல்தான் பிரியம். செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நாலைந்து நாளில் அந்த செல்கள் உதிரும்போது செம்பும் கூடவே மலத்தில் போய்விடும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் முதலில் ரத்தசோகை, பிறகு தண்டுவடம். பாதம் மரத்து, நடை தள்ளாடும். பார்ப்பதற்குப் பி12 குறைபாடு மாதிரியே இருக்கும். 2008இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நால்வரும் பல்செட் வைத்திருந்தவர்கள். செட் ஆடாமலிருக்கப் பூசும் பசையைக் குழாய் குழாயாகத் தீர்த்தவர்கள். பசையில் துத்தநாகம் இருந்தது. கண் விழித்திரைத் தேய்வுக்கான புகழ்பெற்ற மாத்திரைச் சூத்திரத்தில் 80 மில்லிகிராம் துத்தநாகத்தோடு 2 மில்லிகிராம் செம்பையும் சேர்த்திருப்பது இந்த வம்பைத் தவிர்க்கத்தான்.

கொரோனா காலத்தில் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை பொரிகடலை போல விற்றது. ஒரு நாளுக்கான பாதுகாப்பான உச்சவரம்பு 40. பத்து நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. பத்து நாளோடு நிறுத்தாமல் வழக்கமாக்கிக்கொண்டவர்கள்தான் கவலைக்குரியவர்கள். கொரோனாவுக்கும் அதனால் பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் 214 பேரிடம் நடந்த சோதனையைப் பலனில்லை என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதனால் துத்தநாகக் குறைபாடே கிடையாது என்று ஆகிவிடாது. அப்படி ஒரு குறைபாடு மனிதருக்கு உண்டு என்று 1960களின் தொடக்கத்தில் காட்டியவரே பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். ஈரானில் ரொட்டியும் மண்ணும் தின்று, இருபது வயதிலும் பத்து வயதுப் பையனாகத் தெரிந்தவர்களிடம் அதைக் கண்டார். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்திய ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 17 மில்லிகிராம் என்று 2020 பரிந்துரை கூட்டிச் சொல்கிறது. இட்லி மாவு இரவெல்லாம் புளிக்கும்போது அந்தக் கட்டு ஓரளவு அவிழ்கிறது. பாட்டிமார்களுக்கு ஃபைட்டேட் தெரியாது. மாவு பொங்கினால் போதும்.

மூளைக்கு வருவோம். ஞாபக சக்தி டப்பாக்களில் செலினியம் தவறாமல் இருக்கும். 7,540 ஆண்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2017இல் முடிவு சொன்ன ஆய்வில், செலினியமோ வைட்டமின் ஈ-யோ மறதி நோயைத் தடுக்கவில்லை. மறுபக்கமும் உண்டு: அமெரிக்க முதியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வுகளில், தினம் ஒரு பல்சத்து மாத்திரை சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் சற்றே மேம்பட்டது, மூளையின் முதுமை இரண்டாண்டு தள்ளிப்போனதற்குச் சமம் என்று 2024இல் கணக்கிட்டார்கள். அந்த மாத்திரையில் இருபதுக்கும் மேற்பட்ட சத்துகள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. செலினியத்துக்கோ துத்தநாகத்துக்கோ தனியாகப் பட்டம் கட்ட இதில் ஆதாரம் இல்லை.

மூளைக்காக உண்மையிலேயே ஊர் ஊராக வேலை செய்த கனிமம் டப்பாவில் வரவில்லை, உப்பில் வந்தது. இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமி குழு 1956இல் தொடங்கிய சோதனையில், ஒரு பகுதிக்குச் சாதா உப்பு, மற்ற பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. சில ஆண்டுகளில் கழுத்துக் கழலை எங்கே குறைகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அந்த அடிப்படையில் 1962இல் தேசியத் திட்டம். அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கத் தடை 1998இல் வந்து, 2000இல் விலகி, 2006இல் மறுபடி வந்தது. விற்பனைக்கு வரும்போது 15 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இங்கே நமக்கு ஒரு வெட்கக்கேடு. குஜராத், ராஜஸ்தானோடு சேர்ந்து நாட்டில் அதிகம் உப்பு விளையும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. தூத்துக்குடியும் வேதாரண்யமும் நமதே. ஆனால் 2018–19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களிலேயே கடைசி இடம். உப்பளம் பக்கத்தில் இருப்பதே காரணம் என்று தோன்றுகிறது: வண்டியில் கூவி விற்கும் கல் உப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தை யார் படிப்பது? வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டிய ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தது. இரும்பு தேவைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53.4 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. ஞாபக மறதி என்று டப்பா தேடும் நடுவயதுப் பெண்களில் எத்தனை பேர் ஹீமோகுளோபின் பார்த்திருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி.

மூட்டுக்குச் சொல்ல அதிகம் இல்லை. போரானுக்கு இருக்கும் புகழின் அடிப்படை மிக மெல்லியது: 1990இல் ஆஸ்திரேலியாவில் இருபதே பேரிடம் நடந்த சிறு சோதனையும், போரான் குறைந்த ஊர்களில் மூட்டுவாதம் அதிகம் என்ற ஒப்பீடும். கனிமங்களோடு சேர்த்து அடைக்கும் குளுக்கோசமினை 1,583 பேரிடம் 2006இல் சோதித்தபோது, மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை.

தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் கனிமக் கதை முடியாது. சங்கு, முத்துச்சிப்பி பற்பங்கள் சுண்ணாம்புச் சத்து. நாக பற்பத்தின் நாகம் என்பது துத்தநாகம். கனிமத்தை மருந்தாக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. அந்த மரபு சுத்தி, புடம், அனுபானம், எத்தனை நாள் என்று நிபந்தனைகளோடு வந்தது. நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாத ‘மூட்டுவலிச் செந்தூரம்’ வாங்குவதுதான் ஆபத்து. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது.

காப்பர் கார்ட்ரிட்ஜ் பையன் இன்னும் வாசலில் நிற்கிறான். பருப்பும் எள்ளும் நிலக்கடலையும் சாப்பிடும் வீட்டில் செம்புக் குறைபாடு அரிது. ஆர்ஓ எடுத்துவிடும் சத்துகளில் முக்கியமானவை கால்சியமும் மெக்னீசியமும்தான். செம்பு அதற்கு ஈடாகாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவே வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. மீட்டரின் எண்ணை ஐம்பதுக்கு இறக்கிக் காட்டுவதைச் சாதனையாக நினைக்கும் வீடுகளுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

முதியோர் மருத்துவர்கள் சிலர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: “சாப்பிடறது எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு வாங்க.” ஜவுளிக்கடை மஞ்சள் பை மேஜையில் கவிழும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை அட்டைகளுக்கு நடுவே பல்சத்து மாத்திரை, கண்ணுக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, முடி கொட்டுவதற்கு மகள் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது ஒன்று. நான்கிலும் ஜிங்க். காலையில் கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குகிறார்கள்; ஒன்று மற்றொன்றைக் குடலில் வழிமறிக்கும். மருத்துவர் காகிதத்தின் ஓரத்தில் மில்லிகிராம்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பையில் இல்லாத ஒன்று எப்போதும் உண்டு: பாலில் கலந்து குடிக்கும் பவுடர். அது சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஜிங்க் எவ்வளவு என்று தெரிய, வீட்டுக்குப் போன் போட்டு, யாரையாவது கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும்.